64 கேபி என்றால் எத்தனை விநாடி?

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆறு பிரிகிற மூணாறு தலைப்பில் கோரையாற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டார்கள், கொள்முதல் நிலையத்தில் இன்று மூட்டை போடுகிறார்களா, த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், இதெல்லாம் இப்போது போனில் எழுத்தாகத்தான் வருகிறது. அதனால் தேவையான செய்திகளை ஒரு டெலிகிராம் பாட் (தானாக இயங்கும் கணக்கு) வாங்கிக்கொள்ள, எழுத்தைப் பேச்சாக்கும் இஸ்பீக் என்ஜி என்ற நிரல் அதைப் படிக்க, அந்த ஒலியை உடனுக்குடன் ஓபஸ் என்ற ஒலி வடிவத்தில் சுருக்கி, இணைய வானொலி மாதிரி ஒலிபரப்பும் ஐஸ்காஸ்ட் வழியாக அவர் திண்ணையில் இருக்கும் பழைய போனுக்கு அனுப்புகிற மாதிரி செய்து வைத்தேன். போனில் ஒரே ஒரு பெரிய பொத்தான்: மறுபடி சொல்.

இஸ்பீக்கின் தமிழ் ரோபோ பேசுகிற மாதிரி இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இணையம் வேண்டாம், சின்ன கம்ப்யூட்டரிலும் ஓடும், ஒரு நிமிடப் பேச்சைக் கண்மூடித் திறப்பதற்குள் தந்துவிடும். பெரியப்பாவும் பழகிவிட்டார்.

சிக்கல் வேறு இடத்தில். அவர் பொத்தானை அழுத்துவார், சத்தம் வராது, மறுபடி அழுத்துவார், இன்னும் நாலைந்து தடவை அழுத்துவார், அரை நிமிடம் கழித்து அதே செய்தி வரிசையாக நாலைந்து தடவை ஓடும். “என்னடா தம்பி, இதுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று எனக்குப் போன் வரும்.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் ஒலியைச் சுருக்குவதுதான் நேரம் எடுக்கிறது என்கிறார்கள். இல்லை. ஓபஸ் 2012-இல் தரமாக வந்ததே நேரடிப் பேச்சையும் மனதில் வைத்துத்தான். ஒலியை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டிச் சுருக்கினால் அதன் சொந்தத் தாமதம் 26.5 மில்லிவிநாடி, அவ்வளவுதான். நேரத்தைத் தின்பது நடுவில் இருக்கிற பஃபர்கள், அதாவது டேட்டா தேங்கி நிற்கிற இடங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஒவ்வொரு தலைப்பிலும் ஷட்டருக்கு முன்னால் ஏறி நின்று அப்புறம்தான் அடுத்த ஆற்றுக்குப் போகும், கடைமடைக்காரனுக்கு எப்போது வரும் என்பதை அந்த நிற்கிற இடங்கள்தான் முடிவு செய்யும். இங்கேயும் அதே கதை.

இதில் எனக்கு நிஜமாகவே பிடித்த விஷயம், இந்தப் பஃபர்களில் பெரும்பாலானவை நேரத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகின்றன என்பதுதான். இஸ்பீக் தருவது விநாடிக்கு 22,050 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 16 பிட், எட்டு பிட் ஒரு பைட், அதாவது விநாடிக்கு 44,100 பைட். ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவைக் கொண்டுபோகும் லினக்ஸ் பைப் ஒன்று வழக்கமாக 64 கேபி (கிலோபைட்) பிடிக்கும், சுருக்காத ஒலியில் அது ஒன்றரை விநாடி. ஐஸ்காஸ்ட் புதிதாகச் சேரும் நேயருக்கு முதலில் மொத்தமாகக் கொடுக்கிற பர்ஸ்ட்டும் இயல்பாக ஏறக்குறைய அதே 64 கேபிதான். ஆனால் அங்கே வருவது 24 கேபிபிஎஸ் (விநாடிக்கு 24 கிலோபிட், அதாவது 3,000 பைட்) ஓபஸ், ஆகவே அதே அளவு சுமார் 22 விநாடி! போன் அந்தப் பழைய 22 விநாடியிலிருந்து ஓட ஆரம்பித்து, அணைக்கும் வரை அவ்வளவு பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். நன்றாகச் சுருக்கச் சுருக்கத் தாமதம் கூடும். 128 கேபிபிஎஸ் இசையை மனதில் வைத்தால் நாலு விநாடி, யாருக்கும் தெரியாது. நம் பேச்சுக்குத்தான் அடி.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. செய்தி இல்லாத நேரத்தில் ஒலிபரப்பு அறுந்துபோகாமல் இருக்க மௌனத்தை அனுப்பியாக வேண்டும். செய்திக்கு ஒரு என்கோடர் (சுருக்கும் நிரல்) என்று புதிதாகத் தொடங்கினால், ஓபஸைப் பொதிந்து அனுப்புகிற ஆக் என்ற வடிவத்தின் தொடக்கக் குறிப்பு மறுபடி மறுபடி வரும், பல பிளேயர்கள் அதில் தடுமாறும். ஆனால் ஓபஸின் மாறு பிட்வீதம் (ஒலிக்கு ஏற்ப விநாடிக்கான பிட்டைக் கூட்டிக் குறைக்கும் முறை) மௌனத்தை ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருக்கிவிடுமா, அப்போது 64 கேபிக்குள் நிமிடக் கணக்கில் மௌனம் அடங்கிவிடும். காலையில் போனைப் போட்டால் எப்போதோ சொன்ன தண்ணீர் கணக்கு முதலில் ஓடும்.

சரி, செய்தது இதுதான். ஒரு சின்ன பைத்தான் நிரல் 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 882 பைட் எழுதுகிறது, பேச்சு இருந்தால் பேச்சு, இல்லாவிட்டால் பூச்சியம். கடிகார வேகத்துக்கே எழுதுவதால் பைப்பில் எதுவும் தேங்குவதில்லை. அதை வாங்கிச் சுருக்குகிற எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலுக்கு, இது தொடக்கக் குறிப்பில்லாத பச்சை பி.சி.எம். (சுருக்காத ஒலி) என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்ன வடிவம் என்று மோந்து பார்ப்பதற்கே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓபஸுக்கு விநாடிக்கு 22,050 மாதிரிகள் ஆகாது, அதனால் 24,000-க்கு மாற்றுகிறேன். மாறு பிட்வீதத்தை அணைத்து நிலையான 24 கேபிபிஎஸ். இதில் மௌனத்துக்கும் தண்டமாக டேட்டா போகிறது, மணிக்கு 11, 12 எம்பி, ஆனால் பைட்டும் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும், எனக்கு அதுதான் முக்கியம். எஃப்எஃப்எம்பெக் ஒரு தடவை சேர்த்து அனுப்புகிற ஆக் பொதி (‘பக்கம்’ என்பார்கள்) இயல்பாக ஒரு விநாடி, அதை 200 மில்லிவிநாடி ஆக்கினேன். ஐஸ்காஸ்ட் பர்ஸ்ட்டை 8 கேபியாகக் குறைத்தேன், அது 2.7 விநாடி. பூச்சியம் வைக்கலாம்தான், ஆனால் அந்தப் பக்கம் டவர் விட்டு விட்டு வரும், கையிருப்பு இல்லாவிட்டால் பேச்சு நடுவில் நறுக்கப்படும்.

பொத்தானை அழுத்தினால் இப்போது மூன்று நான்கு விநாடியில் பதில் வருகிறது. அவர் பொறுக்கிற அளவு அதுதான், அதற்குக் கீழே இறக்க நான் மெனக்கெடவில்லை. அத்தையின் பழைய ஐபோனில் ஆக் ஓபஸ் ஓடாது என்பதால் அவருக்கு மட்டும் தனியாக 32 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று போகிறது. அதற்குப் பர்ஸ்ட் அளவை வேறாகக் கணக்குப் போட வேண்டும், இன்னும் போடவில்லை.