ஒரு கெஜத்துக்கு ஒரு சென்டிமீட்டர்

டிசம்பர் கடைசியில் தொடங்கிய வேலை மார்ச் முதல் வாரத்தில் ஒருவழியாகக் கண்ணுக்குத் தெரியும்படி வந்திருக்கிறது. 1953 நவம்பர் 28 அன்று டொராண்டோ வார்சிட்டி ஸ்டேடியத்தில் ஹாமில்டனும் வினிப்பெக்கும் ஆடிய, கனடிய ஃபுட்பாலின் கிரே கோப்பை இறுதியாட்டத்தை, பார்சல் கட்டும் பிரவுன் காகிதத்தில் குண்டூசியும் தையல் நூலும் வைத்து விரித்திருக்கிறேன். கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டுத்தான் அதற்கு இடம் பிடிக்க முடிந்தது.

ஃபுட்பால் என்றால் இங்கே உதைபந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், தேவைப்பட்டால் உதைப்பார்கள். அமெரிக்க ஆட்டத்தின் சகோதரன், ஆனால் தனி மனிதன். ஒரு பக்கத்துக்கு 12 பேர். 10 கெஜம் முன்னேற மூன்றே வாய்ப்பு, அமெரிக்காவில் போல நான்கு இல்லை. மைதானம் 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம். துணிக்கடையில் அளந்து தருகிற அதே கெஜம்தான், அதனால் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இதில் இறங்கியதற்கு ஒரு பள்ளிக்கூடம் காரணம். ஹாமில்டனில் மெல்ரோஸ் அவென்யூ ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் பெர்னி கஸ்டிஸ் என்ற பெயரில் 2019-இல் ஒரு உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். தினமும் அந்தப் பக்கம் நடக்கிறவன் நான். யார் இந்தக் கஸ்டிஸ் என்று தேடப் போய் 1951-க்குள் விழுந்தேன். அந்த ஆண்டில் ஹாமில்டன் அணிக்குக் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் அவர். பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்குக் கொடுப்பது, எங்கே எறிவது என்று முடிவெடுக்கும் இடம் அது. நவீன காலத்தில் தொழில்முறை அணி ஒன்றில் அந்த இடத்தில் முறையாக நின்ற முதல் கறுப்பின வீரர் அவர்தான். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் அதே இடத்தில் ஆடிவிட்டு வந்தவர். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தும் அங்கே குவார்ட்டர்பேக் இடம் கிடைக்கவில்லை. இங்கே கிடைத்தது.

ஜனவரி, முதல் இரண்டு வாரம்

யார்க் பொலிவார்டில் இருக்கும் மத்திய நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் பழைய ஹாமில்டன் ஸ்பெக்டேட்டர் நாளிதழ் மைக்ரோபிலிமில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க எதுவும் அகப்படவில்லை, காரணம் சொல். "ஃபுட்பால்" என்ற தலைப்பையே கண் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்துக்கு "ரக்பி" என்ற பெயரும் பரவலாகப் புழங்கியது. சங்கங்களின் பெயரே அப்படித்தான்: கிழக்கே நான்கு பெரிய அணிகள் ஆடிய இன்டர்ப்ரொவின்ஷியல் ரக்பி ஃபுட்பால் யூனியன், செல்லமாக "பிக் ஃபோர்". அதற்கு அடுத்ததாக ஒண்டாரியோ ரக்பி ஃபுட்பால் யூனியன். சார்னியா, கிச்சனர், டொராண்டோவின் பால்மி பீச் போன்ற அணிகள் இதில் ஆடின. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஊரான சார்னியாவின் இம்பீரியல்ஸ் 1934-லும் 1936-லும் கிரே கோப்பையையே தூக்கியிருக்கிறது. 1954-க்குப் பிறகு இந்தச் சங்கத்தின் அணிகள் அந்தக் கோப்பைக்கு மோதவே இல்லை. சிற்றூர் அணி நாட்டின் பெரிய கோப்பையைத் தொடக்கூடிய கதவு அன்றோடு மூடியது. எனக்கு இது இப்போதும் வருத்தம்தான்.

பெயர்ச் சிக்கல் தீர்ந்ததும் வண்டி ஓட ஆரம்பித்தது. ஆனால் அடுத்த முடிச்சு ஹாமில்டனுக்குள்ளேயே இருந்தது. ஒரே ஊரில் இரண்டு அணி! 1869-இல் தோன்றி மஞ்சள்–கறுப்பில் ஆடிய டைகர்ஸ் ஒன்று. போர்க்காலத்தில் 1941-இல் உருவான வைல்ட்கேட்ஸ் இன்னொன்று, அதன் நிறம் சிவப்பு, வெள்ளை, நீலம். 1943-இல் கிரே கோப்பையை வென்றதும் இந்த இரண்டாவது அணிதான். 1948-இல் டைகர்ஸ் பிக் ஃபோரை விட்டு ஒண்டாரியோ சங்கத்துக்குப் போக, அந்த இடத்துக்கு வைல்ட்கேட்ஸ் வந்தது. நான் எடுத்த குறிப்புகளில் பாதியில் அணி மாறிப் போயிருந்தது இதனால்தான். எஃகு ஆலை ஊர் ஒன்றால் இரண்டு அணிக்கும் சீட்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. 1950-இல் இரண்டையும் சேர்த்து டைகர்–கேட்ஸ் ஆக்கினார்கள். பெயரில் பாதிப் பாதி. நிறத்தில் அதுவும் இல்லை, ஐந்து நிறத்தையும் அப்படியே கூட்டிவிட்டார்கள். பிறகுதான் மஞ்சளும் கறுப்பும் மட்டும் நிலைத்தன.

இதைப் படித்த மறுநாள் ஐந்து நிறத்தில் நூற்கண்டு வாங்கினேன். ஹாமில்டன் பந்தை ஏந்தி ஓடினால் மஞ்சள், எறிந்தால் கறுப்பு. யார் உதைத்தாலும் நீலம், தண்டனை என்றால் சிவப்பு. எதிரணி ஓடினாலும் எறிந்தாலும் வெள்ளை. பிரவுன் காகிதத்தில் வெள்ளை நூல் எடுப்பாகத் தெரிகிறது.

ஜனவரி, மூன்றாம் வாரம்: காகிதம்

ஒரு கெஜத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தேன். 90 செ.மீ. அகலச் சுருள். 65 செ.மீ. மைதானம் போக மிச்சம் 25 செ.மீ. குறிப்பெழுதும் ஓரமானது. கீழே தெர்மாகோல் பலகைகளை ஒட்டி ஊசி குத்த வசதி செய்துகொண்டேன். நடுக்கோடு 55, இருபுறமும் ஐந்தைந்து கெஜத்துக்குக் கோடு. கோல் கம்பம் கனடிய ஆட்டத்தில் கோல் கோட்டின் மேலேயே நிற்கும், அந்தக் காலத்தில் H எழுத்து வடிவில்.

150 செ.மீ. நீளம் வெட்டினேன், அது தவறு. கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ட் ஸோன் இப்போது 20 கெஜம். ஐம்பதுகளில் 25. 1986-இல்தான் சுருக்கினார்கள். மறுபடி 160 செ.மீ. வெட்டி எல்லாக் கோட்டையும் திரும்பப் போட்டேன். ஒரு ஞாயிறு முழுக்கப் போனது, ஆனாலும் ஒட்டுப் போடாமல் புதிதாக வெட்டியதே நல்லது. இந்த ஆட்டத்தில் அந்த 5 கெஜம் சும்மா கிடக்கும் இடமில்லை. பந்தை உதைத்து எண்ட் ஸோனுக்குள் விழச் செய்து, அங்கிருந்து எதிரணி அதை வெளியே கொண்டுவர முடியாவிட்டால் உதைத்தவருக்கு ஒரு புள்ளி. சிங்கிள் என்பார்கள், ரூஜ் என்றும் பெயர். ஆழம் கூடக் கூட, பந்தைத் துரத்திப் பிடித்து வெளியேறுவதற்கு இடம் கூடுகிறது. உதைப்பவன் வைக்கும் கணக்கே வேறு.

சோதனைக்காக முதலில் 1950 இறுதியாட்டத்தின் புள்ளிகளை மட்டும் இந்தக் காகிதத்தில் குத்திப் பார்த்தேன். சேற்று ஆட்டம் என்று இன்றும் பேசப்படுவது. பனி விழுந்து உருகி, வார்சிட்டி மைதானம் உழுத வயலாகிவிட்டது. டொராண்டோ ஆர்கோனாட்ஸ் 13, வினிப்பெக் 0. நிக் வோல்ப் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்த இரண்டு ஃபீல்ட் கோல் 6. ஆல் டெக்டிப்ரன் பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி அடித்த டச்டவுன் ஒன்று. ஜோ க்ரோல் உதைத்த சிங்கிள் இரண்டு. கூட்டினால் 14 வந்தது! இரண்டு முறை கூட்டினேன், அப்படியேதான்.

அப்புறம்தான் புரிந்தது. அன்றைக்கு டச்டவுனுக்கு 5 புள்ளி. 1956-இல்தான் 6 ஆக்கினார்கள். 6, 5, 2 என்று கூட்டினால் 13 சரியாக உட்கார்ந்தது. இதை ஓரக் குறிப்பில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய ஸ்கோர் எதைப் பார்த்தாலும் இப்போது முதலில் ஆண்டைத்தான் பார்க்கிறேன். 5 புள்ளிக் காலத்தில் ஒரு ஃபீல்ட் கோலின் மூன்று புள்ளி எவ்வளவு கனமானது என்று யோசித்துப் பாருங்கள். க்ரோலைப் பற்றி இன்னொன்று: 1943-இல் கோப்பை வென்ற ஹாமில்டன் வைல்ட்கேட்ஸில் ஆடியவரும் அவரே. பிறகு டொராண்டோ பக்கம் போய்விட்டார்.

பிப்ரவரி: ஆட்டம்

1953 ஆட்டத்தை ஊசியில் ஏற்ற நான்கு சனிக்கிழமை ஆயிற்று. பத்திரிகை ஆட்டத்தை வரிசையாகச் சொல்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் கெஜக் கணக்கு இல்லை. "மைதானத்தின் நடுப்பகுதி வரை ஓடினார்" என்கிற மாதிரி வரிகளுக்கு ஊசி குத்தாமல் பென்சிலால் புள்ளி மட்டும் வைத்தேன். தெரியாத இடத்தில் நூல் கட்டினால் அது பொய்யாகிவிடும். அதனால் மைதானத்தில் நாலைந்து இடத்தில் நூல் அறுந்து, கொஞ்சம் தள்ளி மீண்டும் தொடங்குகிறது. பார்க்க அழகில்லை, ஆனால் அப்படியே விட்டுவிட்டேன்.

நூல் வழுக்கியது இன்னொரு தொல்லை. பாலியஸ்டர் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றினால் நிற்கவில்லை. பருத்தி நூலுக்கு மாறி, ஊசியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியதும் இறுகியது. செய்கிறவர்கள் முதலிலேயே பருத்தி வாங்குங்கள்.

முதல் புள்ளி ஹாமில்டனுடையது. குவார்ட்டர்பேக் எட் சாங்கின் தானே பந்தோடு கோட்டைத் தாண்டினார். டச்டவுனுக்கு 5, அதன்பின் உதைத்த கன்வர்ட் 1. ஜெரி ஜேம்ஸின் டச்டவுனும் அதன் கன்வர்ட்டும் வினிப்பெக்குக்கு அதே ஆறைத் திருப்பித் தந்தன. பிறகு சாங்கின் எறிந்ததை விட்டோ ரகாஸோ பிடித்து ஓடியது. என் காகிதத்தில் மிக நீளமான கறுப்பு நூல் அதுதான். 12–6.

மற்றதெல்லாம் வெள்ளை. வினிப்பெக்கின் ஜாக் ஜேக்கப்ஸ் எறிந்துகொண்டே இருக்கிறார். கடைசி நேரத்தில் வெள்ளை நூல் ஹாமில்டனின் மூன்று கெஜக் கோடு வரை வந்துவிட்டது. மூன்று சென்டிமீட்டர், என் இரண்டு விரல் அகலம். ஜேக்கப்ஸ் டாம் கேசிக்கு எறிகிறார். ஹாமில்டனின் லூ குசெரோ கேசியை மோதி நிறுத்துகிறார். பந்து போயிற்று, ஆட்டமும் முடிந்தது.

கேசி என்ற பெயரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஜனவரிக் குறிப்பேட்டைப் புரட்டினேன். 1949-இல் ஹாமில்டன் வைல்ட்கேட்ஸில் ஆடியவர்! அணிகள் இணைந்த 1950-இல் வினிப்பெக் போனவர். இணைந்த அணி முதல் கோப்பையைத் தொடுவதற்குக் கடைசித் தடையாக மூன்று சென்டிமீட்டரில் நின்றவர், இணைப்புக்கு முன் இதே ஊர்ச் சட்டையைப் போட்டவர். அந்த ஊசியை எடுத்துவிட்டு வேறு ஊசி குத்தினேன். வெள்ளை நூலோடு சிவப்பும் நீலமும் முறுக்கிக் கட்டினேன், வைல்ட்கேட்ஸ் நிறம். நானே வகுத்த விதியை மீறியது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான். மாற்றப் போவதில்லை.

கஸ்டிஸும் 1953 அணியில் இருக்கிறார், ஆனால் குவார்ட்டர்பேக்காக இல்லை. 1951-இல் அந்த இடத்தில் நின்று ஆடி ஆல்–ஸ்டார் ஆனவரை 1952-இல் பின்வரிசை ஓட்டக்காரராக மாற்றிவிட்டார்கள். ஆல்–ஸ்டார் பட்டம் பெற்றவரை எதற்காக நகர்த்த வேண்டும்? காகிதத்தின் முன் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி விடுவதில்லை. அவர் இந்தப் பகுதியிலேயே ஆசிரியராகி, பள்ளித் தலைமையாசிரியராகி, கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து, 2017-இல் 88 வயதில் மறைந்தார்.

மார்ச்

பக்கத்து வீட்டு முதியவர் ஒருநாள் பார்க்க வந்தார், ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நின்றபடி பார்த்தவர் மெல்ல முட்டி போட்டு உட்கார்ந்தார். "எங்க அப்பா டைகர்ஸ் ஆளு, சித்தப்பா வைல்ட்கேட்ஸ் ஆளு. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுல பேசிக்க மாட்டாங்க," என்றார். அணிகள் இணைந்த பிறகு பேசினார்களா என்று கேட்டேன். "சேந்து போவாங்க. ஆனா தனித்தனி வரிசைல உக்காருவாங்க."

அவரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அவர் கையை நீட்டிக் காட்டியபோது என் மனதில் இருந்த திசை தப்பாக இருந்தது. 1930 பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய பழைய சிவிக் ஸ்டேடியத்தில் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்தது. அதை இடித்து 2014-இல் திறந்த இப்போதைய ஸ்டேடியம் அதே இடத்தில் வடக்கு தெற்காகத் திரும்பியிருக்கிறது. இறுதியாட்டம் டொராண்டோவில் நடந்ததால் இந்தக் காகிதத்துக்குப் பாதிப்பு இல்லை. அடுத்ததற்கு உண்டு.

அடுத்த 160 செ.மீ. வெட்டியாகிவிட்டது. கிழக்கு, மேற்கு குறித்தாயிற்று. ஓரத்தில் 29.8.1951 என்று எழுதினேன், கஸ்டிஸ் முதன்முதலாகக் குவார்ட்டர்பேக்காக இறங்கிய நாள். அவருக்கான ஊசி நடுவில் குத்தியிருக்கிறது. சனிக்கிழமை நூலகம் பத்து மணிக்குத் திறக்கும் என்றார்கள்.