மடித்துக் குத்திய பக்கம்

டீச்சர் காலமான செய்தி வந்த வாரமே பள்ளி மலர்க் குழுவிலிருந்து கேட்டுவிட்டார்கள், அவரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நூலகப் பொறுப்பில் இருந்த டீச்சர் என்றாலே போதும், இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அந்தக் குரல் காதில் விழுந்துவிடும். அவர் எங்களுக்கு ஆங்கிலமும் எடுத்தார், சில வருடங்கள் வரலாறும் எடுத்தார். எனக்கு என்றைக்கும் அவர் புதன்கிழமைக் கடைசிப் பீரியடான நூலகப் பீரியட் டீச்சர்தான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஜன்னலோர பெஞ்சுக்கு நடந்த ஓட்டமும், கருத்து நோட்டு இந்த வாரம் யார் கையில் என்ற விசாரிப்பும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பின்னால் வந்த பிள்ளைகளுக்காக நோட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். படித்த புத்தகத்தைப் பற்றி அதில் "நன்றாக இருக்கிறது" என்றோ "ஒரே போர்" என்றோ எழுதி வைத்தால், டீச்சர் பக்கத்தில் சிவப்பு மையில் "எங்கே?" என்று கேட்டிருப்பார். எந்த இடம் நன்றாக இருந்தது, எந்தப் பக்கத்தில் அலுத்தது என்று எழுதும்வரை அடுத்த புத்தகம் கிடையாது. கதையின் முடிவைப் பற்றி எழுதுகிறவர்கள் தாளை உள்பக்கமாக மடித்து, குண்டூசி குத்தி, மேலே புத்தகத்தின் பெயரை எழுத வேண்டும். படித்து முடித்தவர்கள்தான் ஊசியை எடுக்கலாம். எடுத்துப் படித்துவிட்டு, கீழே தங்கள் கருத்தையும் எழுதி மறுபடியும் குத்தி வைக்க வேண்டும். இடம் போதாவிட்டால் இன்னொரு தாள் ஒட்டிக்கொள்ளலாம். நல்ல புத்தகமாக இருந்தால் மடிப்பு தடித்துக்கொண்டே போகும்.

தடித்த மடிப்புகளில் பெரும்பாலானவை மந்திரக் கதைகளுக்கும் விண்வெளிக் கதைகளுக்கும் உரியவை. அந்த வயதில் யாருக்கும் வீட்டில் சொல்ல முடியாத கேள்விகள் இருக்கும். எனக்குள் இருக்கிற இந்தக் கோபம் என்னுடையதுதானா, எல்லோரும் ஒன்றைச் செய்யும்போது நான் மட்டும் செய்யாவிட்டால் என்ன ஆகும், செத்துப்போனவர்கள் எங்கே போகிறார்கள். இவற்றைக் கூச்சமில்லாமல் கேட்ட புத்தகங்கள் அந்த அலமாரியில்தான் இருந்தன. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' என் முறைக்கு வந்தது. நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி, எனக்குப் பின்னால் பெரிய வரிசை. அதனால் வேறொரு பாடவேளையில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். அந்த ஆசிரியர் பார்த்துவிட்டார். புத்தகத்தைப் பிடுங்கி, விரல் வைத்திருந்த பக்கத்தையே வகுப்புக்கு உரக்க வாசித்தார். கெட் என்ற இளம் மந்திரவாதி சின்னப் படகில் தனியாக நின்றுகொண்டு கிழட்டு டிராகனோடு பேரம் பேசும் இடம் அது. டிராகனுக்கு ஒரு கோமாளிக் குரல், கெட்டுக்கு ஒரு கீச்சுக் குரல். வகுப்பே சிரித்தது. கடைசியில் என் தலையில் புத்தகத்தால் தட்டி, "பூதக்கதை படிச்சு நீ என்ன ஆகப்போறே?" என்றார். அடி வலிக்கவில்லை. எனக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை எடுத்து எல்லோரும் சிரிக்கும்படி ஆட்டிக் காட்டியதுதான் வலித்தது. அதன் பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை.

டீச்சருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் புதன்கிழமை அவர் எதையும் விசாரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அதே புத்தகத்தின் அதே பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்து, "நின்று வாசி. மெதுவாக வாசி" என்றார். சிரித்த அதே பிள்ளைகள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். முதல் சில வரிகள் எனக்குக் குரலே எழும்பவில்லை. அப்புறம் கதை என்னை இழுத்துக்கொண்டது. முடித்ததும் டீச்சர் வகுப்பைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்டார். டிராகன் என்ன தருவதாகச் சொல்கிறது? கெட் ஏன் வேண்டாம் என்கிறான்?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கெட்டை ஒரு நிழல் துரத்திக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் தெரிந்தால் அதை அடக்கிவிடலாம். அந்தப் பெயரைச் சொல்கிறேன் என்கிறது டிராகன். அவனோ தனக்கு வேண்டியதை விட்டுவிட்டு, டிராகன்கள் இனி மனிதர்கள் வாழும் தீவுகளுக்கு வரவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். அவனைக் காவலுக்கு நம்பி வைத்திருப்பவர்கள் அந்தச் சின்னத் தீவுகளின் மக்கள். "அவன் முட்டாள்" என்று ஒருத்தி சொன்னாள். "பெயரைக் கேட்டுக்கொண்டு, பிறகு சத்தியமும் வாங்கியிருக்கலாம்" என்றான் இன்னொருவன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. என்னை அவமானப்படுத்திய பக்கத்துக்காக என் வகுப்பே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அன்று எனக்குக் கிடைத்ததற்கு நான் அவரிடம் நேரில் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு புதன்கிழமையும் அதே புத்தகம்தான். அதன் அட்டை எப்போதோ கிழிந்து, பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. படமே இல்லை. "கெட் பார்க்க எப்படி இருப்பான்?" என்று டீச்சர் கேட்டார். வெள்ளையாக, தங்கநிற முடியோடு என்றுதான் வகுப்பு மொத்தமும் சொன்னது. "எங்கே?" என்றார். தேடினோம். நண்பன் வெட்ச் அறிமுகமாகும் இடத்தில் இருந்தது. வெட்ச் நல்ல கறுப்பு. கெட்டும் அந்தத் தீவுக்கூட்டத்தின் பெரும்பாலான மக்களும் செம்பழுப்பு. வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கொண்டவர்கள் முதல் அதிகாரத்தில் ஊரைக் கொள்ளையடிக்க வருகிற படை. ஒருவரும் அதைப் பார்க்காமலே பாதிப் புத்தகத்தைத் தாண்டியிருந்தோம். அட்டைப் படம்கூட இல்லாத புத்தகத்துக்கு அந்த முகத்தை எங்கிருந்து கொண்டுவந்தோம் என்று டீச்சர் கேட்டார். அதற்குப் பதில் அன்றைக்கு யாரிடமும் இல்லை. பல வருடங்கள் கழித்து, 2004-இல், அந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளைக்காரனாகவே ஆக்கினார்கள். லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அதைப் படித்தபோது அந்தப் பழுப்பு அட்டைதான் கண்ணில் நின்றது.

"இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் படிக்கிறது" என்று பெரிய வகுப்பு அண்ணன் ஒருவர் சொன்னபோது, டீச்சர் மேரி ஷெல்லியின் வயதைச் சொன்னார். 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கிய 1816-இல் அவருக்கு 18. அது 1818-இல் அச்சாகி வந்தபோது 20. அண்ணனுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். அடுத்த வாரம் அந்தப் புத்தகம் அண்ணன் கையில் இருந்தது.

மேடலின் லெங்கிலின் 'எ ரிங்கிள் இன் டைம்' வந்தபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பௌதிகத்தில் முதலாக வருகிறவன், வெளியை மடித்து ஒரே எட்டில் கிரகம் விட்டுக் கிரகம் போவது அறிவியலே இல்லை என்று நோட்டில் நான்கு பக்கம் எழுதினான். டீச்சர் அதை வரி வரியாகப் படித்து, "ஒத்துக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டு, கீழே வேறொன்று கேட்டிருந்தார்: கதாநாயகி மெக்குக்கு உதவி செய்கிறவர்கள் அவளுடைய குறைகளையே அவளுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்களே, அது ஏன்? அந்தப் பிடிவாதக்காரியின் பிடிவாதமே அவளுக்குக் கை கொடுக்கிறது என்று வகுப்பிலேயே அதிகம் திட்டு வாங்கும் பெண் எழுதினாள். அந்த நோட்டில் நான் படித்தவற்றில் அதுதான் மிக நல்ல வரி.

பத்தாம் வகுப்பு முடிவதற்குள் நான் கிளம்ப வேண்டியதாயிற்று. வந்த இடத்தில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. நூலகத்தில் இளையோருக்கென்று தனிப் பகுதியே இருந்தது, வேண்டியதை வேண்டிய அளவு எடுக்கலாம். எடுத்துப் படித்தேன். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன், அவ்வளவுதான். "எங்கே?" என்று கேட்க ஆளில்லை. இங்கே நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள், நல்ல வேலையும் கிடைத்தது, எதையும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரே பிரதியை வரிசையில் காத்திருந்து படித்த கூட்டம் மறுபடி அமையவில்லை.

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993-இல் வெளிவந்து, எப்படியோ என் கைக்கு வந்தது. வலியும் நினைவும் நிறமும் எடுத்துவிடப்பட்ட ஓர் ஊர். அங்கிருந்து ஒரு பையன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தப்பி, பனிமலைச் சரிவில் சறுக்குவண்டியில் இறங்குகிறான். தூரத்தில் விளக்கு தெரிகிறது, பாட்டு கேட்கிறது. அவன் பிழைத்தானா, குளிரில் விறைத்துப்போகும் நேரத்தில் வந்த கனவா? எனக்குத் தாங்கவில்லை. டீச்சருக்குக் கடிதம் எழுதி, புத்தகத்தையும் அனுப்பினேன். பதில் வர நாளாயிற்று. உறையைப் பிரித்தால் முதல் தாளில் நலம் விசாரிப்பு, என் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா என்ற கேள்வி. இரண்டாவது தாள் உள்பக்கமாக மடித்து, குண்டூசி குத்தியிருந்தது. நானே அனுப்பிய புத்தகம், முடிவு தெரிந்த ஆள் நான், இருந்தாலும் குத்தியிருந்தார். உள்ளே, அவன் பிழைத்துவிட்டான் என்று தான் நம்புவதாகவும், எந்தெந்த வரிகளை வைத்து நம்புகிறேன் என்றும் எழுதியிருந்தார். பின்னால் வந்த தொடர்ச்சி நாவல்களில் லோரியே விடை சொல்லிவிட்டார், டீச்சர் சொன்னதுதான் சரி. அந்தப் புத்தகங்கள் வருவதற்கு முன்பே அவர் அந்த முடிவுக்கு வந்திருந்தார்.

ஒரு வாதம் மட்டும் பாக்கி இருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனே, நீ இந்த மலரைப் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் கிளம்பிய வாரம் எர்த்சீயின் மடிப்பில் என் கருத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "இது ஒரு முடிவா? எதிரியைக் கொல்லவில்லை, பிடிக்கவும் இல்லை. பெயர் சொன்னதும் முடிந்துவிட்டது. சண்டை எங்கே?" பதில் எழுத எனக்குப் புதன்கிழமை இல்லாமல் போய்விட்டது.

பதில் இதுதான். கெட் ஓடும்வரை நிழலுக்குப் பலம் கூடுகிறது. அவன் திரும்பித் துரத்த ஆரம்பித்ததும் அது ஓடுகிறது. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள், அது அவன் பெயர். தன்னையே அவன் எப்படிக் கொல்வான்? நீ சண்டையைத் தேடியதால் படகைப் பார்க்கவில்லை. படகில் வெட்ச் இருக்கிறான். நிழல் வெளியே வந்த இரவில் கூட இருந்தவன், அதனால் முடிவிலும் கூட இருக்க வேண்டும் என்று வீட்டையும் தங்கையையும் விட்டுவிட்டு வந்தவன். காலடி மணல் மறைந்து கடலானதும் கெட்டைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் படகில் போடுகிறவன் அவன்தான். எனக்கு அந்தக் கதையின் முடிவு அந்தப் படகில் இருக்கிறது. அப்படிக் கூட இருக்க எனக்கு வாய்க்கவில்லை என்பதால் இந்த வயதில் அந்த இடத்தை இன்னும் மெதுவாகப் படிக்கிறேன்.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். எந்த இடத்தை வைத்து மறுக்கிறாய் என்று குறித்து எழுது. மலர்க் குழுவிடம் என் முகவரி இருக்கிறது.