பாமினிக் கோப்பும் டேப்பும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். விழா மலர், பாடசாலைச் சஞ்சிகை, சங்கத்து ஆண்டறிக்கை என்று வேர்ட் கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் அச்செடுத்துத் திருத்தினால் தாளுக்கே காசு போய்விடும் என்றுதான் டேப் வாங்கினேன்.

முதல் தலையிடி எழுத்துரு. இங்கே இன்னும் பலர் பாமினியில்தான் ரைப் செய்கிறார்கள். அது எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறை இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தி வைத்த எழுத்துரு. பாமினி இல்லாத டேப்பில் கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து, மெய்யெழுத்துப் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. டேப்பிலேயே மாற்றினாலும் அதே குப்பைதான் பிடிஎஃப்பாக வரும். பாமினி இருக்கும் கணினியில் மாற்றினால் எழுத்துருவும் பிடிஎஃப்புக்குள் சேர்ந்தே வந்துவிடும். “வேர்ட் வேண்டாம் அண்ணா, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கோ” என்று ரைப் செய்பவரிடம் சொல்லி வைத்தேன். சரி, அது தீர்ந்தது.

வேர்டில் பிரிண்ட் கொடுத்தும் பிடிஎஃப் எடுக்கலாம். ஆனால் சேவ் அஸ் வழியாகப் போனால் தலைப்புகளைப் புக்மார்க் ஆக்கும் வசதி உண்டு. பெரிய மலரில் பக்கம் தள்ளித் தேட வேண்டாம். தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருக்க வேண்டும், கொட்டை எழுத்தாக்கினால் மட்டும் போதாது. அண்ணா கொடுப்பதில்லை. அது வேறு கதை. எக்செல் கணக்கென்றால் அகலம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி வைத்துவிட்டே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ‘மொத்தம்’ மட்டும் தனியே அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும்.

பிடிஎஃப்பில் குறிப்பெழுத சோடோ (Xodo) என்ற செயலி. ஒட்டுக் குறிப்பு பார்க்க அழகுதான், ஆனால் அச்சகத்தில் அதை அச்செடுத்தால் சின்னப் படம் மட்டும் விழும், உள்ளே எழுதியது வராது. அதனால் ஓரத்திலேயே பேனாவால் எழுதுகிறேன். நூறாம் இலக்க பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் பிழையான சொல்லுக்கு மஞ்சள் பூசுவதோடு சரி. காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் பிரேக் போடும் போட்டில் எழுதினால், துணைக்கால் எது, ‘ர’ எது என்று பிறகு எனக்கே தெரியாது.

தேடல்தான் இன்னும் கரைச்சல். பாமினியில் செய்த பிடிஎஃப்பில் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பாமினி விசைப்பலகையில் அந்தச் சொல்லுக்கு எந்த ஆங்கில எழுத்துகளைத் தட்டுவோமோ, அவற்றையே தேடும் கட்டத்தில் தட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.