டீன் ஆலயத்தில் ஒரு மாலைத் திருப்பலி

ப்ராக் நகரின் பழைய சதுக்கத்தில் எங்கு நின்றாலும் டீன் அன்னை ஆலயத்தின் 80 மீட்டர் இரட்டைக் கோபுரங்கள் கண்ணில் படும். வாசல்தான் அகப்படாது. ஆலயத்தை மறைத்து வரிசையாக வீடுகள்! இரண்டு முறை சுற்றிவிட்டு, ஒரு வளைவுக்குள் நுழைந்துதான் கண்டுபிடித்தேன்.

அதற்கு முன்பே, கோபுரங்களுக்கு நடுவில் பொன் ஒளிவட்டத்தோடு நிற்கும் மரியன்னையை அண்ணாந்து பார்த்தபோது, என் கை தானாகச் சிலுவை அடையாளம் போட்டது. ஒருகாலத்தில் அங்கே இருந்தவை போஹீமியாவை (இன்றைய செக் நாட்டை) ஆண்ட போடெப்ராடி யிர்ஜி மன்னரின் சிலையும் பெரிய பொற்கிண்ணமும். 1620இல் வெள்ளை மலைப் போரில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் தோற்றபின் சிலை போயிற்று. கிண்ணத்தை உருக்கி அன்னைக்கு ஒளிவட்டம் செய்தார்கள். இது தெரிந்துதான் வந்திருந்தேன்; ஆனாலும் கும்பிட்டேன்.

எங்கள் பங்குக் கோயிலில் நமக்குக் கிடைப்பது அப்பம் மட்டும். திராட்சை இரசத்தைக் குருவானவர் பருகுவார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. போஹீமிய மக்கள் கேட்டார்கள். ‘அனைவரும் பருகுங்கள்’ என்றுதானே ஆண்டவர் சொன்னார்? 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில், திருச்சபையில் சீர்திருத்தம் கேட்ட ப்ராக் குருவானவர் யான் ஹுஸ் உயிரோடு எரிக்கப்பட்ட பிறகு அந்தக் கேள்வி போராக வெடித்தது. கடைசியில் 1436இல் திருச்சபையோடு ஏற்பட்ட உடன்படிக்கை, கேட்பவர்களுக்கு இரசக் கிண்ணத்தையும் அனுமதித்தது.

கிண்ணத்தின் பக்கம் நின்ற யிர்ஜி அரச ரத்தம் இல்லாதவர். 1458 மார்ச் 2 அன்று, இதே சதுக்கத்தின் எதிர்ப்புறமுள்ள நகர மன்றத்தில் பிரபுக்கள் கூடி அவரை மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். முடிசூட்ட ரோம் ஏற்ற பேராயர் வேண்டுமே! ஹங்கேரி ஆயர்களை வரவழைத்தார். அதற்கு விலையாகத் திருத்தந்தைக்குக் கீழ்ப்படிவதாக ரகசியச் சத்தியம் செய்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எனக்கு உறுத்துவது இதுதான்.

1462இல் திருத்தந்தை இரண்டாம் பயஸ் உடன்படிக்கையை ரத்து செய்தார். இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. அந்த ஆகஸ்டில், மனைவி மக்களோடு கிண்ணத்துக்காக உயிரையும் மகுடத்தையும் பணயம் வைப்பதாக மன்னர் சபையில் அறிவித்தார். 1466இல் சபைநீக்கம் வந்தது. 1468இல் படையோடு வந்த ஹங்கேரி மன்னர் மத்தியாஸ், யிர்ஜியின் இறந்துபோன மகளின் கணவர்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கிண்ணத்துக்காக நின்ற இதே மன்னர், போரே வேண்டாம் என்று ஒதுங்கி வாழ்ந்த சகோதரர் சபையினரைச் சிறைப்பிடித்தார். அவர்களுடைய மரபில் வந்த மொரேவியர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே பயணிகள் கூட்டமெல்லாம் வானியலாளர் டைகோ பிராஹேயின் கல்லறையைச் சுற்றி. 1414ஆம் ஆண்டின் வெள்ளீயத் திருமுழுக்குத் தொட்டியருகே யாரும் இல்லை. நான் அங்கே நின்று ஜெபமாலை சொன்னேன். இங்கே பிரசங்கித்த ரோகிட்சனாதான் ஹுஸ் மரபினர் தேர்ந்தெடுத்த பேராயர்; ரோம் கடைசிவரை அவரை ஏற்கவில்லை. 1471 பிப்ரவரியில் அவர் இறந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மார்ச் 22 அன்று மன்னரும் போய்ச் சேர்ந்தார்.

மாலைத் திருப்பலி தொடங்கியது. செக் மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று உடலுக்குத் தெரிந்திருந்தது. குருவானவர் கிண்ணத்தை உயர்த்தியபோது வழக்கமாகத் தலை குனிபவள், இம்முறை கண்ணெடுக்காமல் பார்த்தேன். பிறகு வரிசையில் போய் நாவில் அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கிண்ணம் பீடத்தின் மேலேயே இருந்தது.