பாளையங்கோட்டையிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு பகல்

நாம் படித்த காலத்தில் பள்ளி வரலாற்று மன்றச் சுற்றுலா என்றாலே பாஞ்சாலங்குறிச்சிதான். பஸ் நின்றதும் கோட்டை வாசலில் ஒரு போட்டோ, உள்ளே ஓவியங்கள், அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலம். அன்று நாம் தொட்டுப் பார்த்த மதில் 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. கட்டபொம்மன் இருந்த கோட்டை மண்கோட்டை. அதன் அடித்தளத்தைத்தான் பக்கத்தில் தொல்லியல் துறை காத்துவருகிறது. அந்த இடத்துக்கு நம்மில் பாதிப் பேர் போயிருக்கவே மாட்டோம். லீவுக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் முதலில் அந்த மண்ணைக் காட்டுங்கள். கட்டடம் எங்கேயும் போய்விடாது.

வெள்ளன ஆறு மணிக்குக் கிளம்பி, பாளையங்கோட்டை மேடை போலீஸ் ஸ்டேஷன் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அந்தப் பழைய கல்கட்டு, பாளையங்கோட்டைக் கோட்டையில் மிஞ்சிய துண்டு. இந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான் 1801 பிப்ரவரி 2 இரவு கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் தப்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் அந்த நேரம் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தார்கள். தப்பியவர்கள் விடிவதற்குள் சுமார் 30 மைல் ஓடிப் பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்தார்கள். நாம் காரில் வல்லநாடு, தூத்துக்குடி புறவழிச்சாலை என்று சுற்றித்தான் போகவேண்டும். வல்லநாட்டில் கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் மணிமண்டபம் இருக்கிறது, போகிற வழியிலேயே பார்த்துவிடலாம்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது. கருசக்காட்டில் உடைமரமும் பனையும் தவிர ஒதுங்க நிழல் கிடையாது, பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது தரையின் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தோன்றும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு, தொப்பி வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்கவே கூடாது. நனைந்த கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், டிராக்டர் வந்துதான் இழுக்கவேண்டும்.

1799 செப்டம்பர் 5 அன்று கம்பெனிப் படையோடு வந்து மேஜர் பானர்மேன் தாக்கினார். அதன்பின் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊமைத்துரை தப்பிய ஒரே வாரத்தில், 1801 பிப்ரவரி 9 அன்று கம்பெனிப் படை வந்து பார்த்தபோது மதில் மறுபடி எழுந்து நின்றது, உள்ளே 1,500 பேர் ஆயத்தமாக இருந்தார்கள். ஒரு வாரத்தில் எப்படி முடிந்தது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். காலடியில் இருக்கிற மண்தான் அதற்குப் பதில். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசையச் சொல்லுங்கள், விரலை விட்டு லேசில் போகாது. கல்லும் சுண்ணாம்பும் எங்கிருந்தும் வரவேண்டியதில்லை, ஆள் இருந்தால் போதும்.

தாக்கிய படையில் இருந்த அதிகாரி ஒருவர் கோட்டையின் அளவை எழுதிவைத்திருக்கிறார்: நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி, மதில் உயரம் 12 அடி, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகலத்தை மட்டுமாவது காலால் அளந்து நடங்கள், பெரியவர் எட்டுக்கு நூற்றுச் சொச்சம் வரும். எவ்வளவு சின்ன இடம் என்று அப்போதுதான் உறைக்கும். செங்கல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் வெடித்துச் சரியும், மண்சுவரிலோ உள்ளே புதைந்துகொள்ளும். மார்ச் 31 அன்று சுவரை உடைத்து ஏறிய சிப்பாய்களால் உச்சியைத் தாண்ட முடியவில்லை. கொத்தளங்களின் உட்புறம் குழிவாக இருந்தது, அதற்குள் நின்றவர்கள் 18 அடிக்கும் நீளமான ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்த பிறகுதான், மே 24 அன்று, கோட்டை விழுந்தது.

அன்றைக்கு நடந்த ஒன்றை அங்கேயே நின்று சொல்லவேண்டும். மகனின் உடலைத் தேடி வந்த ஒரு தாயிடம், உயிர் போகும் நிலையில் கிடந்த அந்த மகன், “என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று” என்றானாம். சாமி என்றது ஊமைத்துரையை. அவரைத் தூக்கிப் போகும்போது, கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் எதிரே வந்தார்கள். பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை போட்டுச் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் விலகி ஓடினார்கள். இதை எழுதிவைத்ததும் எதிர்ப்படை அதிகாரிதான்.

கட்டபொம்மனின் குலதெய்வமான ஜக்கம்மாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு, இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகளையும் பாருங்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5. பானர்மேன் தாக்கிய அதே தேதி.

திரும்பும்போது பசுவந்தனை, கோவில்பட்டி வழியாக வாருங்கள், கடலைமிட்டாயும் வாங்கிக்கொள்ளலாம். கயத்தாறைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. நாற்கரச் சாலையில் வேகமாக வந்தால் நினைவிடத்தைத் தாண்டிவிடுவோம், அதனால் ஊர் நெருங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. இவை எதுவும் இல்லாத காலத்தில் அவ்வழியே போனவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். பெரிதும் சிறிதுமாகச் சேர்ந்து கிடந்த அந்தக் கற்குவியலை, திருநெல்வேலி வரலாறு எழுதிய பிஷப் கால்டுவெல் பார்த்து எழுதியிருக்கிறார்.