பேக்கப் தின்ற கேஷ்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், காலையில் ஆபீஸ் தொடங்கும் நேரத்துக்கு டேட்டாபேஸ் தவழும். மதியத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். குவெரி மேல் பழி, நெட்வொர்க் மேல் பழி. ஆசாமி வேறு: இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட்.

லினக்ஸில் ஃபைலைப் படிப்பதும் எழுதுவதும் வழக்கமாக ரேமில் உள்ள பேஜ் கேஷ் வழியாகத்தான்; டிஸ்க்கில் இருப்பதன் நகலைப் பக்கம் பக்கமாக வைத்திருக்கும் இடம் அது. ஒருமுறை மட்டும் தொட்ட பக்கத்தை லினக்ஸின் மையமான கெர்னல் அவ்வளவாக மதிக்காது; மறுபடி தொட்டால் வேண்டப்பட்டதென்று வைத்துக்கொள்ளும். எங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபைலையும் எழுதிய கையோடு செக்சம் (ஃபைல் பிழையில்லாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) பார்க்க மறுபடி படித்தது. அதுபோதும். யாரும் திரும்பிப் பார்க்காத பேக்கப் ரேமில் சட்டமாக உட்கார, டேட்டாபேஸ் வேகமாகத் தேட நம்பியிருந்த இன்டெக்ஸ் வெளியே போய்விட்டது. மெமரி கணக்கு காட்டும் ‘ஃப்ரீ’ கமாண்டில் கேஷ் நிறைந்திருப்பது தெரியும், யாருடையது என்று தெரியாது. அதற்கு, எந்த ஃபைல் எவ்வளவு கேஷில் இருக்கிறது என்று காட்டும் ‘ஃபின்கோர்’ வேண்டியிருந்தது.

“ஜி, பேசாம ஓ_டைரக்ட் போட்டுடலாமா?” என்றார் டீமில் இளையவர். ஃபைலை அந்த முறையில் திறந்தால் கேஷையே தொடாமல் போகலாம்தான். ஆனால் பஃபர் (டேட்டாவை வைக்கும் மெமரித் துண்டு) முகவரி, நீளம், ஃபைலில் தொடங்கும் இடமான ஆஃப்செட் எல்லாம் 512 அல்லது 4096 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும், கெர்னல் முன்கூட்டியே படித்துவைக்கும் ரீட்-அஹெட்டும் கிடைக்காது. ஒரு பேக்கப்புக்கு இத்தனை பாடு எதற்கு?

ஃபைலை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று கெர்னலுக்குச் சொல்லும் அழைப்பான போசிக்ஸ்_எஃப்அட்வைஸில் ‘டோன்ட்நீட்’ (இனி வேண்டாம்) சொன்னால் கெர்னல் அந்தப் பக்கங்களை விட்டுவிடும். ஒரு சிக்கல்: டிஸ்க்குக்கு இன்னும் போகாத பக்கங்களை அது விடாது. அதனால் ஒரு துண்டு எழுதி, எழுதியதை டிஸ்க்குக்குத் தள்ளும் எஃப்டேட்டாசிங்க் கூப்பிட்டு, செக்சமும் பார்த்த பிறகுதான் டோன்ட்நீட். இதை டேட்டாபேஸின் சொந்த ஃபைல்களுக்குப் போட்டால் வந்தது வினை. கேஷ் எல்லோருக்கும் பொது என்பதால், பகலில் தேவைப்படும் பக்கங்களும் சேர்ந்தே போய்விடும். பேக்கப் ஃபைலுக்கு மட்டும் போட்டோம். காலை மந்தம் போயிற்று.

எஃப்டேட்டாசிங்க் தோற்றால் என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். “இன்னொரு தடவை கூப்பிடலாமே” என்றார் அந்த இளையவர். 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது இதே விஷயத்தில்தான். எழுத முடியாத பக்கத்தையும் எழுதியாயிற்று என்று கெர்னல் குறித்துவிடலாம், இரண்டாவது அழைப்பு வெற்றி என்று பொய் சொல்லும். 2019 பிப்ரவரி வெளியீடுகளில் அவர்கள் மறுமுயற்சியைக் கைவிட்டு, சர்வரை நிறுத்தி, மாற்றங்களைக் குறித்துவைத்த லாகிலிருந்து மீட்கும் முறைக்கு மாறினார்கள். எங்களிடம் லாக் ஏது? தோற்றால் ஃபைலை அழித்து, அலாரம் அடித்து, முதலிலிருந்து எடுப்பது என்று முடிவானது.