பந்து வராத பக்கம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயம்புத்தூரில் நான் கணினியைத் திறக்கும்போது டெக்சாஸில் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை. அங்கே பள்ளி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் முடியும் நேரம் அது. மதியத்துக்குள் வீடியோக்கள் வந்து குவிந்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்தையும் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்து, யார் எறிந்தார், யார் பிடித்தார், எத்தனை கெஜம் முன்னேறினார்கள், யார் மடக்கினார் என்று கட்டங்களில் நிரப்ப வேண்டும். பயிற்சியாளர்கள் ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துக்கொண்டுதான் அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். ஆறு வருடமாக இதுதான் என் வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். ஒரு பள்ளியின் 24ஆம் எண் பையன் கார்னர்பேக். தடுக்கும் அணியில் ஓரத்தில் நிற்பவன். ஆட்டம் முழுவதும் அவன் பெயருக்கு நேரே எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. 'பங்களிப்பு இல்லை' என்று குறித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்தப் பயிற்சியாளரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. அன்று இரவு முழுக்க அவன் பக்கம் எதிரணி எறியவே இல்லை, எறிகிறவனின் தலையைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் குழுத் தலைவி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "உட்கார்ந்து முதலிலிருந்து பாருங்கள், தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பார்த்தேன். பந்து குவார்ட்டர்பேக்கின், அதாவது எறிகிறவனின், கைக்கு வருகிறது. தலைக்கவசம் வலப்பக்கம் திரும்புகிறது. அங்கே பந்தைப் பிடிக்க வேண்டிய அவனுடைய ரிசீவர் ஓடுகிறான், நிழல் மாதிரி அவனோடு ஒட்டியே 24 ஓடுகிறான். அரை நொடி. தலைக்கவசம் இடப்பக்கம் திரும்பிவிடுகிறது, பந்தும் அந்தப் பக்கமே போகிறது. பின்னோக்கி ஓட்டி மறுபடி பார்த்தேன். அன்று ஒன்பது முறை அந்தத் தலை அப்படித் திரும்பியிருந்தது. ஒன்பது முறையும் நான் பந்தைப் பின்தொடர்ந்து இடப்பக்கம் போயிருக்கிறேன்.

மைதானத்தின் அகலம் 160 அடி. எங்கே ஓடப் போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. தெரியாமலேயே அவன் முதலில் பின்பக்கமாக ஓட வேண்டும், எதிராளி திரும்பும் அதே கணத்தில் தானும் திரும்ப வேண்டும். தொழில்முறை ஆட்டத்தில் முதல் ஐந்து கெஜம் தாண்டிவிட்டால் கை வைத்துத் தடுக்கவும் கூடாது. எதிராளியின் இடுப்பைப் பார் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணும் தோளும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் உடம்பு போகும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நம்டி அசோமுகா என்ற கார்னர்பேக்கின் பழைய ஆட்டங்களைத் தேடிப் போனேன். நைஜீரியப் பெற்றோருக்கு 1981இல் பிறந்தவர். பெர்க்லி பல்கலைக்கழக அணியில் சேஃப்டியாக, அதாவது தடுப்பவர்களில் பின்னால் நிற்பவராக, ஆடியவரை 2003இல் ஓக்லாந்து ரைடர்ஸ் என்ற தொழில்முறை அணி வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்து, கார்னர்பேக்காக மாற்றியது. வேலைக்குச் சேர்ந்த பிறகு வேலையைக் கற்றுக்கொண்டவர். முதல் மூன்று வருடம் எதிரணி எறிந்த பந்து ஒன்றைக்கூட அவர் பறிக்கவில்லை.

நான்காவது வருடம், 2006இல், எட்டுப் பந்துகளைப் பறித்தார். அந்த வருடம் ரைடர்ஸ் 16 ஆட்டங்களில் வென்றவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று, நடப்புச் சாம்பியன் பிட்ஸ்பர்க்குக்கு எதிரானது. ரைடர்ஸின் தாக்குதல் அணி அன்று நாள் முழுக்க முன்னேறியது மொத்தம் 98 கெஜம்தான். அசோமுகா பறித்த பந்தோடு 24 கெஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் எடுத்தார். தடுப்பவர்களின் கையால் வென்ற ஆட்டம் அது, 20க்கு 13.

அதன் பிறகு எதிரணிகள் அவர் பக்கம் எறிவதைக் குறைத்துக்கொண்டன. 2007இல் அவர் பறித்தது ஒரு பந்து, 2008இல் ஒன்று, 2009இல் ஒன்று. 2010இல் ஒன்றுகூட இல்லை. அந்த 2010இலும் அவர் ஆல்-ப்ரோ முதல் அணியில், அதாவது அந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலில், இருந்தார். அவர் பெயருக்கு நேரே உள்ள அந்தப் பூஜ்யத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் அவரைத் தேடுவது எனக்கு வேதனையாக இருந்தது. கேமரா பந்தோடு போகிறது. பந்து ஆட்டத்துக்கு வந்த இரண்டு நொடியில் அவர் திரைக்கு வெளியே போய்விடுகிறார். இருபத்திரண்டு பேரும் தெரியும்படி மேலிருந்து எடுத்த பதிவுகளை 2012இல்தான் லீக் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதற்குள் அவருடைய நல்ல காலம் முடிந்துவிட்டது.

2011இல் ஃபிலடெல்பியா அணி ஐந்து வருடத்துக்கு ஆறு கோடி டாலர் என்று அவரை ஒப்பந்தம் செய்தது. ஓக்லாந்தில் பெரும்பாலும் வலப்பக்க ஓரத்தில் நின்று, எதிரே நிற்பவனை முகத்துக்கு முகம் நின்று மறித்தவர். புதிய இடத்தில் களத்தின் பல பகுதிகளில் நிறுத்தினார்கள், ஆளை விட்டுப் பரப்பைக் காக்கச் சொன்னார்கள். தடுப்பாட்டத்தின் பொறுப்போ, அதுவரை தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி கொடுத்து வந்தவரிடம் இருந்தது. இரண்டே வருடத்தில் அசோமுகாவை விடுவித்துவிட்டார்கள். அவருக்கு வயதாகிவிட்டது, வேகம் போய்விட்டது என்கிறவர்கள் உண்டு. ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒருவர் எட்டு வருடம் பழகிய கைத்தொழிலை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைச் செய்யச் சொல்வது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்திலும் மூத்தவர் ஒருவரை அப்படி வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நான்கு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் நிரப்பி வைத்த ஆட்டங்களைப் பார்த்துத்தான் நான் வேலை கற்றேன்.

2013இல் சான் பிரான்சிஸ்கோவில் சில ஆட்டங்கள், அங்கேயும் நிலைக்கவில்லை. அந்த டிசம்பரில் ஓக்லாந்துக்கே வந்து, ஒரு நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ரைடர்ஸ் வீரராக ஓய்வுபெற்றார். வயது 32. பதினொரு வருடத்தில் பறித்த பந்துகள் மொத்தம் பதினைந்து.

எங்கள் படிவத்தில் எறியப்படாத பந்துக்குக் கட்டம் கிடையாது. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், வாடிக்கையாளர் கேட்டால் சேர்க்கலாம் என்றார்கள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு சிறிய பெட்டி இருக்கிறது, பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. போன சனிக்கிழமை ஓஹாயோவிலிருந்து வந்த ஆட்டம் ஒன்றில், 7ஆம் எண் பையனுக்கு நேரே அதில் எழுதினேன்: 'குவார்ட்டர்பேக் இவன் பக்கம் பார்த்தது 11 முறை. எறிந்தது ஒரு முறை.'